விவேகம்: எதிலிருந்து எதைப் பிரித்தோம்?

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ‘விவேகம்’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறி, அதை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், “வி என்றால் இல்லாதது, வேகம் இல்லாததுதான் விவேகம்” என்று விளக்கினான். ஒரு மாணவி, “திருடன் விவேகமாகத் தப்பித்தான்” என்று எழுதினாள். இரண்டும் சரியில்லை என்று தோன்றுகிறது. ஏன் சரியில்லை என்று சொல்ல எனக்கே தெளிவு போதவில்லை. இதற்கிடையே பள்ளி ஆண்டறிக்கையில் “பெற்றோர் ஆசிரியர் கழக நிதியை விவேகத்துடன் செலவிட்டோம்” என்று நான் எழுதியதைத் தலைமையாசிரியர் “சிக்கனமாகச் செலவிட்டோம்” என்று திருத்திவிட்டார். சுவருக்கு வண்ணம் பூசுவதைத் தள்ளிவைத்து, மழைக்கு முன் ஒழுகும் கூரையையும் கழிப்பறைக் குழாய்களையும் சரிசெய்ததைத்தான் அப்படி எழுதினேன். எந்தச் சொல் சரி? புத்தி, நிதானம், சாமர்த்தியம் போன்ற சொற்களிலிருந்து விவேகம் எப்படி வேறுபடுகிறது?

– ஒரு தமிழாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

25 ஆண்டுகளுக்கும் மேலாக மொழிபெயர்ப்பும் மொழித் திருத்தமும் செய்து வருகிறேன். ‘விவேகம்’ என்ற சொல்லைத் திருத்த வேண்டிய இடங்கள் எனக்கு அடிக்கடி வந்திருக்கின்றன. ஆனால் அதன் பொருளை ஒரு வகுப்பறையிலிருந்து இவ்வளவு கூர்மையாக யாரும் கேட்டதில்லை. உங்கள் மாணவனிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவன் செய்த பிழை படித்தவர்களிடமும் இருக்கிறது.

அவன் சொல்லைப் பிரித்த முறைக்கு அடிப்படை உண்டு. ‘வி’ என்ற வடமொழி முன்னொட்டு சில சொற்களில் இன்மையைக் குறிக்கவே செய்கிறது. விமலன் என்றால் மலம் அற்றவன். ஆனால் அதே முன்னொட்டு விஞ்ஞானம் என்ற சொல்லில் சிறப்பையும், வியோகம், விபாகம் என்ற சொற்களில் பிரிவையும் குறிக்கிறது. விவேகம் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. அதன் பின்பாதி நாம் அறிந்த ‘வேகம்’ என்ற சொல் அன்று. வேகம், விரைவையும் அதிர்வையும் குறிக்கும் ‘விஜ்’ என்ற வேரிலிருந்து வந்தது. விவேகம், பிரித்தலைக் குறிக்கும் ‘விச்’ என்ற வேரிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் வந்து அமர்ந்துவிட்டதால், நெடுஞ்சாலை ஓரத்துப் பலகைகள் வேகத்தையும் விவேகத்தையும் எதிரெதிரே நிறுத்தி எச்சரிக்கின்றன, மேடைப் பேச்சாளர்களும் அந்த ஓசைப் பொருத்தத்தை விடுவதில்லை. சாலையில் அந்த எச்சரிக்கை உயிரைக் காக்கிறது என்பதால் அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அதைக் கேட்டு வளரும் பிள்ளை, மெதுவாகச் செய்வதெல்லாம் விவேகம் என்று எடுத்துக்கொள்வது இயல்பு.

உங்கள் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை அவனுக்குச் சொல்லுங்கள். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவரைப் பாம்பு கடித்துவிடுகிறது. கூட இருக்கும் ஒரு பெண், கடிவாயைக் கீறுவதற்கும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதற்கும் யாரையும் விடாமல், கடிபட்ட காலை அசைக்காதபடி வைத்து, கிடைத்த வண்டியில் ஏற்றி, நஞ்சுமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகிறார். இந்த முடிவுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு நிமிடம்கூட இருக்காது. அவர் வேகமாகவும் நடந்துகொண்டார், விவேகமாகவும் நடந்துகொண்டார். மந்திரிப்பவரைத் தேடி அரைமணி நேரம் நிதானமாக நடந்திருந்தால் அது விவேகமாகியிருக்காது. காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் கொக்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பருவம் வரும் வரை அது கூம்பி நிற்கிறது. வாய்த்த நொடியில் குத்துகிறது. காத்திருந்ததும் பாய்ந்ததும் ஒரே அறிவின் இரண்டு செயல்கள். ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று அவரே இன்னோர் இடத்தில் சொல்லும்போது, தாழ்த்திச் செய்ய வேண்டியதைத் தாழ்த்து, தாழ்த்தக் கூடாததைத் தாழ்த்தாதே என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்.

ஆகவே விவேகம் என்ற சொல்லின் உயிர் பிரித்தலில் இருக்கிறது. இன்னும் நெருங்கிப் பார்த்தால், ‘வி’யும் ‘விச்’சும் சேர்ந்த அந்த வினைக்குப் பழைய வடமொழியில் தானியத்தைத் தூற்றிப் பதரை நீக்குதல் என்ற பொருளும் உண்டு. இது தெரிந்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சியை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்; ஏனென்றால் நம் மொழியும், யாரிடமும் கடன் வாங்காமல், இதே களத்திலிருந்தும் அடுப்படியிலிருந்தும்தான் தீர்ப்புக்கான சொற்களை எடுத்திருக்கிறது. கீரை ஆய்கிறோம், பழுத்த இலையையும் புல்லையும் ஒதுக்கி நல்லதை எடுக்கும் அந்த ஆய்தலே ஆய்வும் ஆராய்ச்சியும் ஆகியது. முறத்தில் தெள்ளுகிறோம், தெளிவு என்ற சொல் அந்தத் தெள்ளுதலோடு உறவுடையது. தெரிதல் என்ற சொல்லுக்கு விளங்குதல் என்ற பொருளோடு தேர்ந்தெடுத்தல் என்ற பொருளும் உண்டு. இலங்கைத் தமிழர் இன்றும் ‘தெரிவு’ என்றே சொல்கிறார்கள். தேர்தல் என்று நாம் வாக்குச்சாவடியோடு சேர்த்துவிட்ட சொல்லும் ஆராய்ந்து எடுத்தல்தான். சீர்தூக்குதல் தராசிலிருந்து வந்தது. கட்டளைக்கல் பொன்னை உரைத்துப் பார்க்கும் தட்டாரின் பட்டறையிலிருந்து வந்தது.

இத்தனை சொற்கள் கையில் இருந்ததனால்தான் திருக்குறளில் விவேகம் என்ற சொல் இல்லாமலேயே விவேகத்துக்கு ஆறு அதிகாரங்கள் இருக்கின்றன. 47ஆம் அதிகாரமான தெரிந்துசெயல்வகையில் தொடங்கி, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என்று சென்று, 52ஆம் அதிகாரமான தெரிந்துவினையாடலில் முடியும் அந்த 60 குறள்களையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். எதைச் செய்வது, எவ்வளவு இயலும், எப்போது, எங்கே, யாரை நம்பி, யாரிடம் எந்த வேலையை ஒப்படைத்து என்று ஒரு முடிவுக்குள் இருக்கும் கேள்விகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். மாணவர்களுக்கு இந்த அதிகாரங்கள் தனித்தனியே வெவ்வேறு வகுப்புகளில் வந்துபோவதால், இவை ஒரே தொடர் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போகிறது. அது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

இப்போது அந்தத் திருடனுக்கு வருகிறேன். உங்கள் மாணவியின் வாக்கியம் இலக்கணத்தில் பிழையற்றது. அதனால்தான் அது உங்களைத் தடுமாற வைத்திருக்கிறது. திருடனும் பிரித்துத்தான் பார்த்தான்: காவலர் நிற்கும் தெரு எது, நிற்காத தெரு எது, நாய் இருக்கும் வீடு எது, இல்லாத வீடு எது. அவனுடைய கணக்கு பலித்தும் விட்டது. ஆனால் தன் பொருள் எது, பிறர் பொருள் எது என்ற முதல் பிரிப்பையே அவன் செய்யவில்லை. அடிப்படையான அந்த ஒன்றைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் துல்லியமாகப் பிரித்தவனுக்குத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன: சாமர்த்தியம், தந்திரம், கெட்டிக்காரத்தனம். மனத்தைப் போன போக்கில் விடாமல், தீமையிலிருந்து விலக்கி நன்மையின்பால் செலுத்துவதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரம் சொல்கிறது. வள்ளுவர் அங்கே ‘அறிவு’ என்று சொல்வது, இன்று நாம் தேர்வு மதிப்பெண்ணால் அளக்கும் அறிவைவிட விவேகத்துக்கே மிக அருகில் இருக்கிறது. எனவே அந்த மாணவியிடம், “திருடன் சாமர்த்தியமாகத் தப்பித்தான், பிறகு அவனைப் பிடித்த ஊரார் அவனை அடிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்து விவேகமாக நடந்துகொண்டனர்” என்று எழுதச் சொல்லுங்கள். கோபத்தையும் கடமையையும் பிரித்துப் பார்த்த ஊரார் அவர்கள்.

சொற்களை இப்படிக் காப்பது அவசியமா என்று சிலர் கேட்கக்கூடும். அவசியம் என்றே நான் நம்புகிறேன். காக்கத் தவறிய ஒரு சொல் நம் கண்முன்னே இருக்கிறது. ‘சூழ்ச்சி’ என்பது குறளில் ஆலோசனை, எண்ணிப் பார்த்தல் என்ற உயர்ந்த பொருளில் வருகிறது. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்றால் ஆலோசனையின் முடிவு உறுதிக்கு வருதல். ஒரு செய்தியை எல்லாப் பக்கமிருந்தும் சுற்றிவந்து பார்ப்பதே சூழ்தல். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் சதியைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு கூடிச் சூழ்ச்சி செய்தது என்று எழுதினால் உங்கள் மேல் வழக்கு வந்துவிடும். கெட்ட நோக்கத்தோடு ஆலோசித்தவர்களுக்கே அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் அதன் நல்ல பொருள் உதிர்ந்துவிட்டது. விவேகத்தைத் திருடனுக்குக் கொடுத்தால் அதற்கும் ஒரு நாள் இந்த நிலை வரும்.

அருகிலுள்ள மற்றச் சொற்களில் நிதானத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விவேகத்தோடு மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படுவது அதுதான். நிதானம் என்பது வடமொழியில் மூல காரணம் என்ற பொருளுடையது. மருத்துவத்தில் நோயின் காரணத்தையும் குறிகளையும் கண்டறிவதற்கு அது பெயர். தமிழ்ப் பேச்சில் அது பதறாமை, நிலைதவறாமை என்ற பொருளுக்கு வந்துவிட்டது. குடித்துத் தள்ளாடுபவரை நிதானத்தில் இல்லை என்கிறோம், சினத்தில் கத்தியவரை நிதானம் இழந்தார் என்கிறோம். ஆக, நிதானம் மனத்தின் நிலை; விவேகம் அந்த நிலையில் நின்று செய்யும் பிரிப்பு. நிதானம் உள்ளவர் தவறான முடிவை மிக அமைதியாக எடுத்துவிடவும் கூடும். சமயோசிதம் என்பது அந்த வேளைக்குப் பொருந்தியதைச் சட்டென்று செய்வது. வேளை கடந்தபின் அதன் பயன் முடிந்துவிடுகிறது. புத்தி என்பது கருவி. முன்னெச்சரிக்கை வரக்கூடிய தீங்கை மட்டும் பார்க்கிறது. விவேகமோ வரக்கூடிய நன்மையையும் அதே தட்டில் வைத்துத் தூக்குகிறது. பயத்தினால் எதையும் தொடாமல் இருப்பவரை விவேகி என்று புகழ்வது பரவலான தவறு. மதுரைப் பக்கத்தில் ‘சூதானமாப் போயிட்டு வா’ என்று சொல்லும் சூதானத்திலும், டெல்டாவில் ‘பாத்து நடந்துக்க’ என்று சொல்வதிலும் போகாதே என்ற பொருள் இல்லை என்பதைக் கவனியுங்கள். போய்வரச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

உங்கள் மாணவர்களின் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு முடிவை வைத்து இதை விளக்கினால் நன்றாகப் பதியும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டில் ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறப்பது வழக்கம். அந்தத் தேதியை ஒட்டி, குறுவை போடுவதா, அல்லது பொறுத்திருந்து சம்பா ஒன்றையே போடுவதா என்று ஒரு விவசாயி முடிவு செய்ய வேண்டும். குறுவை நான்கு மாதத்துக்குள் முடியும் பயிர். சம்பா அதைவிட நீண்டது, வடகிழக்குப் பருவமழையையும் நம்பியது. பேராவூரணிப் பக்கம் கடைமடையில் நிலம் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் வந்துசேரும் நாளும், தலைமடைக்காரருக்கு வந்துசேரும் நாளும் ஒன்றல்ல. சொந்தமாகப் பம்புசெட் வைத்திருப்பவருக்கும் ஆற்றுநீரை மட்டும் நம்பியவருக்கும் கணக்கு வேறு. கையில் இருக்கும் பணம் கூட்டுறவுச் சங்கக் கடனா, நகையை வைத்து வாங்கியதா, அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் காயவைக்கக் களம் உண்டா என்பதெல்லாம் அதில் சேரும். அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று கைப்பேசியில் பார்த்துச் சொல்வது செய்தியறிவு. அந்த எண்ணிலிருந்து தன் நிலத்துக்கு எது பொருந்தும், எது பக்கத்து ஊருக்கு மட்டும் பொருந்தும் என்று பிரித்தெடுப்பது விவேகம். வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி என்று வள்ளுவர் அரசனுக்குச் சொன்னதில் மாற்றான் இருக்கும் இடத்தில் வானத்தை வைத்துவிட்டால், அந்த விவசாயி அப்படியே வந்து நிற்பார். ஆக்கத்தை எண்ணி முதலையே இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ள மாட்டார்கள் என்ற குறளும் அவருடைய கடன் சீட்டுக்கு நேராகப் பொருந்தும்.

இந்த எடுத்துக்காட்டை நான் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, குறுவை வேண்டாம் என்று முடிவு செய்கிறார். அந்த ஆண்டு கர்நாடகத்தில் எதிர்பாராமல் மழை கொட்டி, அணை நிரம்பி, குறுவை போட்டவர்கள் நன்றாக அறுக்கிறார்கள். அவருடைய முடிவு விவேகமற்றதாகிவிடுமா? ஆகாது. முடிவெடுத்த நாளில் அறிய முடிந்தவற்றை அவர் சரியாகவே பிரித்தார். அறிய முடியாதது அவருக்கு எதிராக விளைந்தது. அதேபோல் எதையும் பார்க்காமல் துணிந்து போட்டு மகசூல் எடுத்தவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்று சொல்லலாமே தவிர, விவேகம் இருந்தது என்று சொல்லக் கூடாது. நாம் பேச்சிலும் எழுத்திலும் வெற்றி பெற்றவர்களுக்கெல்லாம் விவேகி என்ற பட்டத்தைப் பின்னால் போய் ஒட்டிவிடுகிறோம், தோற்றவர்களை அவிவேகிகள் ஆக்கிவிடுகிறோம். மாணவர்கள் வாக்கியம் எழுதும்போது, முடிவு எடுத்த கணத்தைக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் கிடைத்த பலனை மட்டும் எழுதினால் அந்தச் சொல் பொருளின்றித் தொங்கும்.

சொல்லின் வரலாற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்கிறேன். வேதாந்தத்தில் விவேகம் என்றால் நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறிதல். ஞானத்துக்கு வேண்டிய தகுதிகளில் அது முதலாவது. விவேகானந்தரின் துறவுப் பெயரில் இருப்பது அந்தப் பொருள். விவிலியத் தமிழ் அந்தச் சொல்லை அன்றாட வாழ்க்கைக்கு இறக்கிக்கொண்டு வந்தது. நீதிமொழிகளில் பேதை எந்த வார்த்தையையும் நம்புகிறான், விவேகியோ தன் நடையைக் கவனிக்கிறான் என்ற எதிர்நிலை திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் அதற்கு நேரான கூட்டுச்சொல் ‘பகுத்தறிவு’. பகுத்து அறிதல் என்று அது விவேகத்தின் பொருளை அப்படியே தாங்குகிறது. ஆனால் 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்துக்குப் பிறகு, மூடநம்பிக்கையை மறுத்துக் காரணம் கேட்கும் அறிவு என்ற பொருளே தமிழ்நாட்டில் அந்தச் சொல்லோடு முதலில் தோன்றுகிறது. அந்தப் பொருளும் நமக்கு வேண்டிய பொருளே. அதனால் இரண்டு சொற்களும் இருக்கட்டும்; நம்பிக்கைகளைச் சோதிக்கும் இடத்தில் பகுத்தறிவையும், செயல்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் விவேகத்தையும் நான் எழுதுகிறேன்.

இனி, என் தொழிலில் நான் நாள்தோறும் சந்திக்கும் சிக்கல். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் சுற்றறிக்கைகளில் ‘நீரின் விவேகமான பயன்பாடு’, ‘நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் விவேகமான பயன்பாடு’ போன்ற தொடர்கள் வருகின்றன. தமிழில் விவேகம் மனிதரையும் அவருடைய முடிவையும் பேச்சையும் நடத்தையையும் பற்றி வரும் சொல். பயன்பாடு என்ற உயிரற்ற தொழிற்பெயரின் முன்னால் அதை அடைமொழியாக நிறுத்தினால், யார் பிரித்தார், எதைப் பிரித்தார் என்பது மறைந்துவிடுகிறது. படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு நல்வாழ்வுக் கையேட்டை நான் திருத்தியபோது, இரண்டாவது தொடரை, “காய்ச்சல் வந்தவுடன் கடையில் நீங்களாகவே இந்த மருந்துகளை வாங்கி விழுங்காதீர்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்” என்று மாற்றினேன். கையேட்டைத் தயாரித்தவர், மூலத்தில் இருந்த சொல் எங்கே என்று கேட்டார். அந்தச் சொல்லின் பொருள் முழுவதும் வாக்கியத்துக்குள் இருக்கிறது என்று விளக்கிய பிறகு ஏற்றுக்கொண்டார். எல்லா இடத்திலும் இப்படி விரிக்க இயலாது என்பது உண்மைதான். ஆனால் விரிக்க இயலும் இடத்தில் சொல்லை மட்டும் நிறுத்திவிட்டுப் போவது படிப்பவருக்குச் செய்யும் குறை.

சட்டத் தமிழிலும் இதை ஒட்டிய ஒரு கேள்வி உண்டு. அரசியலமைப்பின் 163ஆவது பிரிவு ஆளுநரைப் பற்றிப் பேசும் இடத்தில், அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்படாமல் அவரே முடிவு செய்யும் அதிகாரத்தை நம் நாளிதழ்கள் ‘விருப்புரிமை’ என்று எழுதுகின்றன. இலங்கையில் அதே கருத்துக்குத் ‘தற்றுணிபு’ என்கிறார்கள். விருப்பு என்ற சொல் விருப்பு வெறுப்பை நினைவூட்டுகிறது. ஆனால் அப்படிப்பட்ட அதிகாரத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்தலாகாது, காரணங்களைச் சீர்தூக்கியே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நெறி. துணிதல் என்ற பழைய வினையில் வெட்டுதல், ஐயத்தை அறுத்து முடிவுக்கு வருதல் என்ற பொருள் இருக்கிறது. ‘எண்ணித் துணிக’ என்பதில் எண்ணம் முன்னும் துணிவு பின்னுமாக நிற்கிறது. இந்த ஒரு சொல்லில் ஈழத்தவர் நம்மைவிடச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

வகுப்பறைக்கு வேண்டிய இலக்கணக் குறிப்பு அதிகம் இல்லை. விவேகம், விவேகி, விவேகமான, விவேகமாக, விவேகத்துடன், எதிர்ப்பொருளில் அவிவேகம், அவிவேகி என்பவை வழக்கில் உள்ளவை. ‘விவேகங்கள்’ என்று பன்மையாக்க வேண்டாம். ‘விவேகம் செய்தான்’ என்றும் வராது. விவேகமாக நடந்துகொண்டான், விவேகமான முடிவு எடுத்தான் என்றே வரும். இதைவிட முக்கியமாக, மாணவர்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திடமும் ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள்: இவர் எதிலிருந்து எதைப் பிரித்தார்? “என் அம்மா விவேகமானவர்” என்று எழுதும் மாணவி இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது, “அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் நல்லவர்கள்தான் என்றாலும், அவள் நர்சிங் படிப்பை முடிக்க ஓராண்டு இருப்பதால் அம்மா விவேகமாக அவர்களிடம் தவணை கேட்டார்” என்று எழுதுவாள். நல்ல மனிதர்கள், நல்ல நேரம் என்ற இரண்டையும் அந்த அம்மா பிரித்திருக்கிறார். முடிந்தால் ஒரு நாள் வகுப்புக்கு ஒரு முறமும் கொஞ்சம் உளுந்தும் கொண்டுபோங்கள். புடைப்பதையும் கொழிப்பதையும் பிள்ளைகள் கையால் செய்து பார்த்த பிறகு இந்தப் பாடத்தை நடத்தினால், அகராதிப் பொருளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

கடைசியாக ஆண்டறிக்கை. சிக்கனம் அளவைச் சொல்லும் சொல். குறைவாகச் செலவிட்டோம் என்பதற்கு மேல் அது எதுவும் கூறாது. வண்ணத்துக்கு ஆகியிருக்கக்கூடிய அதே தொகை கூரைக்கும் குழாய்களுக்கும் ஆகியிருக்கலாம். அப்போது நீங்கள் சிக்கனமாக இருந்தீர்கள் என்று எழுதுவது உண்மையாகவும் இராது. நீங்கள் செய்தது தேர்வு. எனவே பொருள் அளவில் உங்கள் சொல்லே சரி. ஆனால் தலைமையாசிரியரின் கை அந்த இடத்தில் தயங்கி நின்றதற்கு நியாயமான காரணம் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். விவேகம், அறம், சான்றாண்மை போன்ற சொற்களைத் தமிழில் பிறர்தாம் நமக்குத் தர வேண்டும். நாமே நம் செயலுக்குச் சூட்டிக்கொண்டால் அறிக்கையில் தற்பெருமையின் சாயல் விழுகிறது. பெற்றோர் தந்த பணத்தைப் பற்றிய வரி என்பதால் அந்தக் கூச்சம் இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகிறது. இரண்டு சொற்களையும் நீக்கிவிட்டு இப்படி எழுதலாம் என்பது என் யோசனை: “வகுப்பறைச் சுவர்களுக்கு வண்ணம் பூசுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, பெற்றோர் ஆசிரியர் கழக நிதியைக் கொண்டு, பருவமழைக்கு முன்பாக ஒழுகிய கூரையையும் பழுதான கழிப்பறைக் குழாய்களையும் சரிசெய்தோம்.” இதைத் தலைமையாசிரியரிடம் காட்டிப் பாருங்கள். அவருக்கும் உடன்பாடானால், கூரை சரிசெய்யப்பட்ட தேதியையும் செலவான தொகையையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அன்புடன்.